ஏழு மணிப் படகும் அறுபத்தொரு பேரும்

ஷார்ஜாவில் ஒரு ஓட்டல். இரண்டாவது மாடியில் விருந்து வைக்கிற பெரிய கூடம். அன்றைக்கு விருந்து ஏதும் இல்லை. நாற்காலிகளைச் சுவர் ஓரமாக அடுக்கிவிட்டு நடுவில் ஒரே ஒரு மேசை போட்டிருந்தார்கள். ஏசி சரியான குளிர். வெளியே வெயிலில் வியர்த்து நனைந்திருந்த சட்டைக் காலர் காய்ந்து விறைத்து என் கழுத்தை உரசிக்கொண்டிருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. குரோஷியா நாட்டு பஸ் கம்பெனி ஒன்றிலிருந்து டிரைவர்களைத் தேர்ந்தெடுக்க வந்தவர். ஐம்பது வயதிருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பக்கத்தில் ஏஜென்சி ஆள் ஷாஜி, திருச்சூர்க்காரர். அந்த அம்மா இங்கிலீஷில் கேட்பதை அவர் எனக்குத் தமிழும் மலையாளமுமாகச் சொல்வார். நான் சொல்வதை அங்கே திருப்பிச் சொல்வார்.

காலையில் மைதானத்தில் பஸ்ஸை ஓட்டிக் காட்டியாகிவிட்டது. பின்பக்கமாக எடுத்து, கூம்பு எதிலும் முட்டாமல் நிறுத்தியாகிவிட்டது. சாலைக் குறிகள் பரீட்சையிலும் தேறியிருந்தேன். இந்தப் பேச்சு ஒன்றுதான் பாக்கி.

அந்த அம்மா கேட்டார். ஷாஜி சொன்னார்.

"காதர் பாய், நாற்பது பேரோட நீங்க ஒரு தீவுக்குப் போறீங்க. ஏழு மணிக்குப் படகு. வழியில டீ குடிக்க நிறுத்தினீங்க. எல்லாரும் ஏறியாச்சு, ஒராள் மட்டும் வந்திட்டில்ல. நின்னா படகு போயிரும். பஸ்ஸை எடுக்குமோ, நிக்குமோ?"

எனக்குப் பதில் தெரியும். ஏஜென்சி கொடுத்த சின்னப் புத்தகத்தில் இந்தக் கேள்வி இருந்தது. ஆபீசுக்குப் போன் செய்து தகவல் சொல்ல வேண்டும், நேரத்துக்குப் பஸ்ஸை எடுக்க வேண்டும். இவ்வளவுதான். மூன்று வாரமாக மனப்பாடம் செய்திருந்தேன்.

வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

அலமாரிக் கதவில் ஒரு நாடு

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். இந்த வாரம்தான் முதல் தடவை படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர் தொண்டிப் பக்கம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்ஃபில் லேபர் பஸ் ஓட்டுகிறேன். கேம்ப்பிலிருந்து சைட்டுக்கும் சைட்டிலிருந்து கேம்ப்புக்கும் ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுவருவதுதான் வேலை. அல்லாஹ் இதிலேதான் எனக்கு ரிஸ்கை, சோற்று வழியை, வைத்தான். குறை சொல்ல மாட்டேன்.

குறை ஒன்றே ஒன்று. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். என் லீவு நாட்களை எல்லாம் ஒட்டிப் பார்த்தால் ரஹ்மத்தோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது மூன்று வருடம் தேறாது. மகள் சஃபியா போனில் வளர்ந்த பிள்ளை. லேபர் பஸ் டிரைவர் சம்பளத்தில் இங்கே குடும்ப விசா எடுக்க முடியாது.

அந்தச் சமயத்தில்தான் குரோஷியாவுக்கு பஸ் டிரைவர் எடுக்கிறார்கள் என்ற பேச்சு நாங்கள் தங்கியிருந்த சஜ்ஜா கேம்ப் முழுக்கப் பரவியது. கல்ஃப் லைசென்ஸ் இருந்தால் போதும், மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நல்லபடியாகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ளக் கேட்கலாம் என்றும் ஷாஜி சொன்னார். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு நாற்பத்து நாலு முடிந்திருந்தது.

ரஹ்மத்திடம் சொன்னேன்.

"அங்க பள்ளிவாசல் இருக்கா மச்சான்?" என்றாள்.

"பெரிய ஊருல இருக்குதாம்."

"கடல் இருக்கா?"

"நாடே கடலோரந்தான்."

"அப்ப நான் வாரேன்" என்றாள், நாளைக்கே டிக்கெட் எடுக்கிற மாதிரி.

எங்கள் ரூமில் என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் வேலுச்சாமி. தேவகோட்டைப் பக்கத்து ஆள், அப்போது தண்ணீர் டேங்கர் ஓட்டினான். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான், நான் மாப்ள என்பேன். அவனும் பெயர் கொடுத்தான். ஏஜென்சி கொடுத்த குரோஷியா மேப்பை இரும்பு அலமாரிக் கதவில் ஒட்டினோம். கதவைத் திறந்தால் நாடு பாதி மறைந்துவிடும்.

விசித்திரமான வடிவம் அந்த நாட்டுக்கு. நண்டு ஒரு கொடுக்கைக் கடல் பக்கமாக நீட்டி வைத்திருக்கிற மாதிரி. கடலோரம் முழுக்க நொறுக்கிப் போட்ட அப்பளம் போலத் தீவுகள்.

"ஆயிரத்துக்கு மேல தீவாம் மாமா. எதுல கொண்டு போய் நம்மள விடுவாய்ங்கன்னு தெரியலையே."

"ஆள் இருக்குற தீவுலதான் விடுவாக. நீ சுரங்கப் பாதை பாடத்தப் படி."

"பாம்பன் மாதிரி எல்லாத்துக்கும் ஒரு பாலம் போட்டா முடிஞ்சு போச்சு. இதுக்குப் போயி மனுசன் படகு டைமெல்லாம் படிக்க வேண்டிருக்கு."

சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் வெயில்

அந்த மூன்று வாரமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் படிப்புத்தான். ரோட்டுப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்போம்.

தலைநகரத்திலிருந்து கடலுக்கு ஒரு பெரிய ஹைவே இறங்குகிறது. நம்முடைய இந்த ரோடுகளில் சலிக் என்கிற டோல் கம்பத்தின் கீழ் போனால் போதும், காசு தானாகப் போய்விடும். அங்கே ஏறும்போது ஒரு சீட்டை வாங்கிப் பத்திரமாக வைத்திருந்து இறங்கும்போது கொடுக்க வேண்டுமாம். சீட்டைத் தொலைத்தால் முழுத் தூரத்துக்கும் பிடித்துவிடுவார்கள் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. வேலுச்சாமி அதைச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு வைத்தான்.

அந்த ரோட்டில் மலையைக் குடைந்து ஒரு சுரங்கம், கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர். இந்தப் பக்கம் நுழையும்போது மூடுபனியும் பனிமழையும் இருக்கும், அந்தப் பக்கம் வெளியே வந்தால் நல்ல வெயில் அடிக்கும். ஆகவே டிரைவர் கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். இதைப் படித்தபோது எனக்குள் ஏதோ குளிர்ந்த மாதிரி இருந்தது. ஒரே மலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு வானத்தைப் படைத்தவன் அவன்தானே.

காற்றுக்கும் ஒரு பாடம் உண்டு. மலையிலிருந்து கடலுக்கு இறங்குகிற காற்று, பெயர் பூரா. அது வீசினால் பஸ்ஸை ரோட்டில் விடமாட்டார்கள். கம்பத்தில் விளக்கு எரியும், நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும். நமக்கு மணல் காற்று மாதிரி என்று வைத்துக்கொண்டேன்.

ரயில் பாதை எல்லா ஊருக்கும் இல்லை. தெற்கே கடைசியில் இருக்கும் பேர்பெற்ற கோட்டை ஊருக்கு ரயிலே போவதில்லை, பஸ்தான். அந்த ஊருக்குப் போகிற கடலோர ரோட்டின் நடுவே சில கிலோமீட்டர் வேறு நாட்டு மண். தன் நாட்டு ஊருக்குப் போகத் தன் நாட்டை விட்டு இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, மறுபடி ஏற வேண்டியிருந்ததாம். இங்கே ஹத்தா ஊருக்குப் போகிற பழைய ரோடும் இப்படித்தான் நடுவில் கொஞ்சம் ஓமான் மண்ணைத் தொட்டுவிட்டு வரும், அதனால் எனக்கு இது உடனே விளங்கியது. இப்போது கடலுக்கு மேலேயே ஒரு பெரிய பாலம் போட்டுவிட்டார்கள். யாரிடமும் கேட்காமல் தன் வீட்டுக்குள்ளேயே தான் போகலாம்.

அந்தப் பாலத்தின் படத்தை ரஹ்மத்துக்கு அனுப்பினேன். "இதுலதான் நீங்க பஸ் ஓட்டுவீகளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இன்ஷா அல்லாஹ் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்தது படகுப் பாடம். பஸ்ஸைப் படகின் வயிற்றுக்குள் எப்படி ஏற்றுவது, பிரேக்கை எப்படிப் போடுவது, ஆட்களை எப்போது மேல் தட்டுக்கு அனுப்புவது. அதன் கடைசியில்தான் அந்தக் கேள்வி. வேலுச்சாமி வாய்விட்டுப் படித்தான். "தகவல் சொல்லணும். நேரத்துக்கு எடுக்கணும்." பிறகு என்னைப் பார்த்து, "நீ சொல்லு மாமா" என்றான்.

சொன்னேன். ரூமில் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

தஸ்பீஹில் எண்ணியது

அதற்குக் கிட்டத்தட்ட ஆறு வருடம் முன்னால் நான் ருவைஸ் பக்கத்துக் கேம்ப்பில் இருந்தேன். வேறு கம்பெனி. பாலைவனத்துக்கு நடுவே ரயில் பாதை போடுகிற வேலை. தார் ரோட்டை விட்டு இறங்கி மணலில் ஒரு மணி நேரம் போனால் சைட். மண்ணைக் கொட்டி உயரமாகக் கரை கட்டி, தண்ணீர் ஓடுவதற்குக் கீழே கான்கிரீட் பெட்டி வைத்து, அதன் மேல் தண்டவாளம். இப்போது அந்தப் பாதையில் சரக்கு ரயில் ஓடுகிறது.

என் பஸ்ஸில் அறுபத்தொரு பேர். மத்தியானம் சைட்டிலிருந்து கிளம்பும்போது எண்ண வேண்டியது டிரைவர். மற்ற டிரைவர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள், சில பேர் சீட்டைப் பார்த்து எண்ணுவார்கள். நான் தொழுதபின் ஓதி எண்ணுகிற தஸ்பீஹ் மணிமாலையில் எண்ணுவேன். முப்பத்து மூன்று மணி கோத்தது. ஒரு ஆள் ஏறினால் ஒரு மணி. ஒரு சுற்று முடிந்து, அடுத்த சுற்றில் இருபத்தெட்டு வந்தால் ஆள் சரி. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு அமைதியாக எண்ணலாம். வருடக்கணக்கில் ஒரு தடவையும் தப்பியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கோடைக்காலம். வெயிலுக்காகப் பன்னிரண்டரைக்கெல்லாம் வேலையை நிறுத்திவிடுவார்கள். அன்று ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தபோது ஃபோர்மேன் ஜன்னலோரம் வந்து நின்றார். ஐதராபாத்காரர், நல்ல மனிதர்.

"காதர் பாய், பச்சி கைஸி ஹை?" என்று கேட்டார். மகள் எப்படி இருக்கிறாள் என்று.

சஃபியாவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். டெங்கு என்று சொல்லியிருந்தார்கள். அன்று காலையில்தான் காய்ச்சல் இறங்கியது என்று ரஹ்மத் செய்தி அனுப்பியிருந்தாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன்.

சொன்னபோது என் பெருவிரல் ஒரு மணியைத் தள்ளியது.

ஐந்து வேளையும் தொழுதபின் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அந்த மணியைத் தள்ளிப் பழகிய விரல். வாய் சொன்னால் விரல் தள்ளும். அது எனக்கு அப்போதே தெரிந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. தள்ளியது ஆளுக்கா, அல்ஹம்துலில்லாஹ்வுக்கா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பின்னால் ஆட்கள் "யல்லா பாய், யல்லா, வேகுது" என்று கத்தினார்கள். பஸ்ஸுக்குள் அடுப்பில் உட்கார்ந்த மாதிரி சூடு. இருபத்தெட்டாவது மணி விரலில் இருந்தது. கணக்கு சரி என்று முடிவு செய்து கதவை மூடினேன்.

அறுபது பேரோடு வந்துவிட்டேன்.

ரோஸ் வாட்டர் கலந்த பால்

விட்டுவிட்டு வந்த ஆள் செல்வராசு. அரியலூர்ப் பக்கம், பலகை அடிக்கிற கார்பெண்டர். பஸ் வரும்வரை அந்தக் கான்கிரீட் பெட்டிக்குள் நிழலில் சாய்ந்தவர் கண் அசந்துவிட்டார். போன் ரூமில் சார்ஜில் கிடந்தது. விழித்துப் பார்த்தபோது சைட்டில் யாரும் இல்லை. தண்ணீர் டிரம்மும் காலி.

டயர் தடத்தைப் பிடித்து நடந்திருக்கிறார். மெஸ்ஸில் அவர் தட்டு அப்படியே இருப்பதைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரர் என்னிடம் ஓடிவந்தபோது மணி மூன்றுக்கு மேல். பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போனேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கேட்ட துஆவை இதுவரை வேறு எதற்கும் கேட்டதில்லை. பாதி வழியில் எதிரே ஆம்புலன்ஸ் வந்தது. நடக்க முடியாமல் ஜல்லிக் குவியல் ஓரமாக விழுந்து கிடந்தவரை பாகிஸ்தான் பட்டாணியரான ஒரு டேங்கர் டிரைவர் பார்த்துத் தண்ணீரை ஊற்றித் தூக்கியிருந்தார்.

அல்லாஹ் உயிரைக் கொடுத்தான். சிறுநீரகம் ரெண்டும் பாதியாகிவிட்டது. இனிமேல் வெயிலில் வேலை கூடாது என்று டாக்டர் எழுதினார். வெயிலில் வேலை கூடாதவருக்கு கல்ஃபில் என்ன வேலை. ஊருக்கு அனுப்பினார்கள்.

போவதற்கு முன் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். ரோஸ் வாட்டர் விட்ட பால் டப்பா ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். உதடெல்லாம் வெடித்திருந்தது.

"என் தப்புதான் பாய்" என்றார். "கண் அசந்துட்டேன். கேம்ப் பாஸ்கிட்டயும் அப்படித்தான் எழுதிக் குடுத்தேன். உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அவர் கண் அசந்தது உண்மை. ஆனால் எண்ணுகிற வேலை என்னுடையது. ஒரு மணி குறைந்திருந்தால் ஹார்ன் அடித்திருப்பேன், இறங்கிப் போய் எழுப்பியிருப்பேன்.

அதைச் சொல்லத்தான் போனேன். பால் டப்பாவில் ஸ்ட்ராவைக் குத்திக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தஸ்பீஹில் ஆள் எண்ணியதில்லை. பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசிப்பேன். "ஹெட்மாஸ்டர் வந்துட்டார்டா, உள்ளேன் ஐயா சொல்லு" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

அல்லாஹ்விடம் அழுதிருக்கிறேன். ஆனால் ஒரு மனிதனுக்குச் செய்த தப்பை அந்த மனிதன் மன்னிக்காதவரை அந்தக் கணக்கு நிற்கும் என்று வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்ஆ பயானில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொள்வேன். செல்வராசு நம்பர் என் போனில் இருந்தது.

மறுபடியும் அந்த மேசை

"பாய், பறயு" என்றார் ஷாஜி. "எடுக்குமா, நிக்குமா?"

"நிப்பேன்" என்றேன்.

ஷாஜி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "புத்தகத்துல உள்ளத சொல்லுங்க."

"அது தெரியும் ஷாஜி. நான் நிப்பேன்னு சொல்லுங்க."

சொன்னார். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். ஏன் என்று கேட்டார். ஷாஜி மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை.

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், ஹிந்தி, தமிழ் எல்லாம் சேர்த்துச் சொன்னேன். மணி, விரல், கான்கிரீட் பெட்டி, ஜல்லிக் குவியல், ஆஸ்பத்திரி. நடுவில் ஷாஜி குனிந்து, "பாய், வேண்டா. நான் வேற மாதிரி சொல்லட்டே?" என்றார். வேண்டாம், நான் சொன்னதையே சொல்லுங்கள் என்றேன்.

அந்த அம்மா கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். என் கம்பெனிகள் கொடுத்த அனுபவக் கடிதங்கள். விபத்து ஏதும் இல்லை, புகார் ஏதும் இல்லை என்று இருந்தது.

"இதில் இல்லையே" என்றார்.

"யாரும் எழுதல மேடம். எழுத நான் விடல."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னார். ஷாஜி சொன்ன தமிழில் அது இப்படி இருந்தது. "எங்க நாட்டுல படகுத்துறையில ஒரு கூரை இருக்கும், பெஞ்ச் இருக்கும், காப்பிக் கடை இருக்கும். விட்டுட்டுப் போன ஆள் காப்பி குடிச்சிட்டு அடுத்த படகுல வருவான். உங்களத் திட்டுவான். சாக மாட்டான். அதனாலதான் நேரத்துக்கு எடுக்கச் சொல்றோம்."

நான் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை. மூன்று வாரமாக அந்த நாட்டின் ரோடு, சுரங்கம், பாலம் எல்லாம் படித்தேன். ஒரு ஆளை விட்டுவிட்டுப் போனாலும் அவன் சாகாமல் இருக்கிற மாதிரி அதையெல்லாம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் படவேயில்லை. பாலத்தை விடவும் அந்த பெஞ்ச்தான் பெரிது என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா தண்ணீர் கிளாஸை என் பக்கம் தள்ளினார்.

எழுந்து கை கொடுத்தார். அவ்வளவுதான்.

கீழே பார்க்கிங்கில் வேலுச்சாமி நின்றுகொண்டிருந்தான். அவன் பேச்சு எனக்கு முன்பே முடிந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். ஆறு வருடக் கதையை அவனும் அப்போதுதான் கேட்டான்.

"உன்ன யாரு மாமா இப்பக் கேட்டா?" என்றான். கோபத்தில் குரல் உடைந்தது. "எடுப்பேன்னு ஒரு வார்த்த. ஒரே வார்த்த. அக்காவுக்கு என்ன பதில் சொல்லுவ?"

அவன் ரஹ்மத்தை அக்கா என்றுதான் சொல்வான்.

பத்து நாளில் பட்டியல் வந்தது. வேலுச்சாமி பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. "கடிதம் ஒன்னு சொல்லுது, ஆள் வேற சொல்றான், கம்பெனி எப்படி எடுக்கும் பாய்" என்றார் ஷாஜி. நியாயம்தான்.

வேலுச்சாமி போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். பூரா காற்றில் ஒரு நாள் முழுக்க டோல் கேட்டில் நின்றதைச் சொன்னான். போன மாதம் ஒன்று அனுப்பினான். "மாமா, நானும் ஒரு ஆள விட்டுட்டேன். ஜெர்மன்காரக் கிழவன். அடுத்த படகுல வந்து இறங்கி, ஐஸ்கிரீம் சாப்ட்டுக்கிட்டே என்னப் பாத்துக் கைய ஆட்டுறான் மாமா." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். எனக்கு எப்படிப் படும் என்று அப்புறம்தான் தோன்றியிருக்க வேண்டும்.

ரஹ்மத் கேட்டது

பட்டியல் வந்த அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசல் வெளிச்சுவர் நிழலில் செருப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ரஹ்மத்துக்குப் போன் செய்தேன். கிடைக்கவில்லை என்றேன். ஏன் கிடைக்கவில்லை என்றும் சொன்னேன். மணியிலிருந்து எல்லாம்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழுதாள்தான், கொஞ்சம். சூட்கேஸ் ஒன்று வாங்கி வைத்திருந்தாளாம், எனக்குச் சொல்லவில்லை. சஃபியா அதில் பழைய புத்தகங்களைப் போட்டு வைத்துக்கொள்ளட்டும் என்றாள்.

மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்.

"அந்த வெள்ளக்காரம்மாகிட்டச் சொல்லிட்டீக. எங்கிட்டச் சொல்லிட்டீக. அந்த மனுசங்கிட்டச் சொன்னீகளா?"

"இல்ல."

"ஏன் மச்சான்?"

பக்கத்திலிருந்த செருப்பை எடுத்து நேராக வைத்தேன்.

"நமக்குப் போனது போச்சு" என்றாள். "அந்த ஆளுக்கு இப்ப போன் போடுங்க. போட்டுட்டு அப்புறமா எனக்குப் போடுங்க."

வைத்துவிட்டாள். அவள் ஒரு நாளும் என் போனை முதலில் வைத்ததில்லை.

நம்பர் மாறியிருக்கும் என்று ஒரு ஆசை. மாறவில்லை. நாலாவது ரிங்கில் எடுத்தார். பின்னால் ஆட்டுக்குட்டி கத்தியது.

"ஆரு? பஸ் பாயா? நல்லா இருக்கீங்களா பாய்? எவ்ளோ நாளாச்சு. நான் நாலு ஆடு வச்சிக்கிட்டுக் கெடக்கேன்."

அவர் சந்தோஷப்பட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நலம் விசாரித்து முடிப்பதற்குள் என் தைரியம் போய்விடும் என்று தெரியும். அதனால் நடுவில் குறுக்கிட்டுச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு ஆள் குறைந்தது என் எண்ணிக்கையில், எனக்குச் சந்தேகம் வந்தும் நான் இறங்கிப் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரியில் உங்கள் முகத்தைப் பார்த்தும் சொல்லவில்லை. என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். மன்னிக்க முடியாவிட்டால் அதையும் சொல்லிவிடுங்கள் என்றேன்.

ரொம்ப நேரம் ஆட்டுக்குட்டிச் சத்தம் மட்டும்தான். லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"அப்ப நான் மட்டும் காரணமில்ல" என்றார் செல்வராசு. என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி.

"இல்லங்க."

"ஆறு வருசமா எம் பொண்டாட்டி சொல்றா பாய். தூங்கித் தூங்கியே குடும்பத்தத் தொலைச்ச மனுசன்னு. புள்ளைங்க முன்னாடி சொல்லுவா. பந்தியில உக்காந்தா, ‘எழுப்பி விடுங்கடா, தூங்கிடப் போறாரு’ன்னு மச்சினனுங்க சிரிப்பானுங்க. நானும் ஆமா ஆமான்னு சேந்து சிரிப்பேன். வேற என்னா பண்றது." குட்டியை அதட்டினார். "மத்தியானத்துல இப்ப நான் கண்ண மூடுறதே இல்ல பாய். எவ்ளோ அசதியா இருந்தாலும் உக்காந்துக்கிட்டே இருப்பேன்."

சிறுநீரகத்தைத்தான் கெடுத்தேன் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"மன்னிக்கிறதெல்லாம் இருக்கட்டும் பாய்" என்றார். "எனக்கு ஒண்ணு செய்யுங்க. இத நான் சொன்னா அவ நம்ப மாட்டா. நீங்களே அவகிட்டச் சொல்லுங்க."

நான் பதில் சொல்வதற்குள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவது கேட்டது. "பூங்கொடி, இங்க வா. புள்ளைங்களயும் கூப்புடு. பஸ் பாய் பேசுறாரு. வா, வந்து கேளு."

தூரத்தில் பாத்திரம் வைக்கிற சத்தம். யாரோ நடந்து வருகிற சத்தம். வளையல் போனில் பட்டது.

"சொல்லுங்க" என்றது ஒரு பெண் குரல், கொஞ்சம் அலுப்போடு.

"எம் பேரு காதரும்மா" என்றேன். "அன்னைக்கு பஸ்ஸ ஓட்டுனது நான்தான்."